மாண்டலினோடு பெட்டியையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள்: மொரீஷியஸில் இருப்பவர்களுக்கு

போன மாதம் ரோஸ்ஹில்லிலிருந்து ஒரு அக்கா போன் செய்து, மகனுக்கு மாண்டலின் வாங்கப் போகிறோம், எந்த பிராண்டு நல்லது என்று கேட்டார். பிராண்டு இருக்கட்டும், பையன் என்ன வாசிக்க ஆசைப்படுகிறான் என்று நான் திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. அப்புறம் "கோவிலில் கீர்த்தனை வாசிக்க வேண்டும், வீட்டில் சினிமாப் பாட்டும் வாசிப்பான்" என்றார். அந்த ஒரு வரி தெரிந்ததும் பாதி வேலை முடிந்துவிட்டது. கருவியைத் தேடுவதற்கு முன்னால் நீங்களும் அந்த ஒரு வரியை உங்களுக்கென்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் மாண்டலின் என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு வேறு வேறு கருவிகள் இருக்கின்றன. குடத்தைப் பாதியாகப் பிளந்தது போல முதுகு உருண்டிருக்கும் நேப்பிள்ஸ் மாண்டலின்தான் மூத்தது. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் வினாச்சியா குடும்பத்தார் அதற்கு உருவம் கொடுத்தார்கள். அடுத்தது முதுகு தட்டையாக இருக்கும் எளிய வகை. மூன்றாவது, வயலினைப் போல மேல்பலகையையும் அடிப்பலகையையும் வளைவாகச் செதுக்கிச் செய்வது, இதை அமெரிக்காவில் ஆர்வில் கிப்சன் தொடங்கி வைத்தார். இந்த மூன்றுக்கும் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி, சுருதி வயலினைப் போலவே ஜி, டி, ஏ, ஈ. நான்காவது மின்சார மாண்டலின், உள்ளே குடைவு இல்லாத கெட்டி உடல்.

கர்நாடக இசைதான் உங்கள் எண்ணம் என்றால் நான்காவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் தவறாக வாங்கிவிடுகிறார்கள். சாதாரண மாண்டலினில் கம்பி குட்டையானது, விறைப்பானது, அதுவும் இரட்டை. மீட்டிய ஒலி சட்டென்று அடங்கிவிடும். ஐரோப்பியர்கள் அதற்காகத்தான் பிக்கை, அதாவது கம்பியை மீட்டும் சின்ன வில்லையை, வேகமாக மேலும் கீழும் ஆட்டி, நடுங்கும் ஒலியாக ஸ்வரத்தை நீட்டிக்கொண்டே போகிறார்கள். நமக்கு அது போதாது. தோடியிலோ பைரவியிலோ ஒரு ஸ்வரத்தை அசைத்து இன்னொன்றைத் தொட்டு வர வேண்டும், ஒலி அத்தனை நேரம் உயிரோடு இருக்க வேண்டும், கம்பியும் விரலுக்கு இணங்கி வளைய வேண்டும். இரட்டைக் கம்பியைச் சேர்த்து இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது, சுருதி உடனே பிளந்து கேட்கும். 1969இல் பாலக்கொல்லில் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ் இந்தச் சிக்கலுக்குக் கண்ட வழி மின்சார மாண்டலினும் ஒற்றை ஒற்றையாக ஐந்து கம்பிகளும். 2014இல் அவர் மறைந்தபோது வயது 45தான், அதற்குள் இந்தக் கருவியைக் கச்சேரி மேடையில் அசைக்க முடியாத இடத்தில் உட்கார வைத்துவிட்டார். ஆகவே கமகம் வாசிக்க வேண்டும் என்பவர்கள் செதுக்கிய முகப்புள்ள விலை உயர்ந்த எட்டுக் கம்பி மாண்டலினை வாங்கி வந்து பிறகு வருந்த வேண்டாம். அது வேறு அழகுக்காகப் பிறந்த கருவி. பஜனைக்கும் சினிமாப் பாட்டுக்கும் நம் தீவின் சேகா இசைக்கும் எட்டுக் கம்பி தாராளமாகப் போதும், அந்த மணி போன்ற ஒலி அதில்தான் வரும்.

இனி நான் சொல்வது பெரும்பாலும் அந்த எட்டுக் கம்பி மரக் கருவியைப் பற்றி.

முதலில் மரம். மேல்பலகை ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கமும் மேப்பிள், இதுதான் நல்ல செதுக்கு மாண்டலினின் வழக்கமான சேர்க்கை. பலகை முழு மரமா, மெல்லிய தகடுகளை ஒட்டி அச்சில் அழுத்தியதா என்பது எல்லாவற்றையும் விட முக்கியம். விற்பவர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், நீங்களே பாருங்கள். ஒலித்துளையின் ஓரத்தில் வெளிச்சம் அடித்து மரத்தின் வெட்டு முகத்தைக் கவனியுங்கள். மேலே தெரியும் ரேகை அப்படியே உள்நோக்கி இறங்கினால் முழு மரம். ரொட்டி அடுக்கு போலக் கோடு கோடாகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகை கெட்டது என்று சொல்லவில்லை. ஈரத்துக்கு அது அசராது, குழந்தை கற்றுக்கொள்ள நல்லது. ஆனால் முழு மரம் வாசிக்க வாசிக்கத் திறந்து வரும், ஒட்டுப்பலகை வாங்கிய அன்று எப்படியோ பத்து வருடம் கழித்தும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். முழு மரத்துக்கான விலையைக் கேட்கிறார்கள் என்றால் முழு மரத்தைத்தான் கொடுக்க வேண்டும்.

விரல்பலகையும், கம்பிகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜும் கருங்காலியாக இருந்தால் நல்லது. இதைச் சொல்லும்போதெல்லாம் நம் தீவின் கதை மனதுக்கு வரும். 1638இல் டச்சுக்காரர்கள் இங்கே குடியேறி வெட்டி ஏற்றுமதி செய்த முக்கியச் சரக்கே நம் காட்டுக் கருங்காலிதான். இன்று கடையில் கருப்பாகப் பளபளக்கும் விரல்பலகைகளில் சில வேறு மரத்துக்குச் சாயம் ஏற்றியவை. ஈரப்படுத்திய வெள்ளைத் துணியால் ஓரத்தில் மெல்லத் தேய்த்துப் பாருங்கள், துணி கருத்தால் சாயம்.

அடுத்து வடிவம். துளி போல எளிமையாக இருப்பதை ஏ வடிவம் என்கிறார்கள், தோளில் சுருளும் கூர்முனைகளும் உள்ளதை எஃப் வடிவம் என்கிறார்கள். புதிதாக வாங்குபவர்கள் கண் அந்தச் சுருளில்தான் போய் நிற்கும், எனக்கும் அது பிடிக்கும், செதுக்கியவர் கை அதில் தெரியும். ஆனால் ஒலிக்கு அது தரும் பங்கு மிகக் குறைவு, கூலிக்கு அது சேர்க்கும் தொகை மிக அதிகம். ஒரே பட்டறையில் ஒரே மரத்தில் செய்த ஏ வடிவத்தை எடுத்துக்கொண்டு மிச்சமாகும் பணத்தைக் கருவியை வைக்கும் பெட்டிக்குச் செலவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. எஃப் வடிவத்துக்கு இவ்வளவு பெயர் வரக் காரணம் கிப்சன் கம்பெனி 1922இல் கொண்டுவந்த எஃப் 5 என்ற மாதிரி. அங்கே 1919 முதல் 1924 வரை வேலை பார்த்த லாய்டு லோர், வயலினில் இருப்பது போன்ற எஃப் வடிவ ஒலித்துளைகளை மாண்டலினுக்குக் கொண்டுவந்தார். அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு உள்ளே ஒட்டியிருக்கும் கருவிகள் இன்று ஒரு வீட்டின் விலைக்குப் போகின்றன. அமெரிக்க நாட்டுப்புறப் பாணியான புளூகிராஸ் இசையின் தந்தை என்று சொல்லப்படும் பில் மன்றோ பல பத்தாண்டுகள் வாசித்தது 1923ஆம் வருடத்து எஃப் 5. 1985இல் அவர் வீட்டுக்குள் யாரோ புகுந்து அதை அடித்து நொறுக்கிவிட்டார்கள், கிப்சன் பட்டறையில் சில்லு சில்லாகப் பொறுக்கி ஒட்டித் திரும்பக் கொடுத்தார்கள், அவர் அதிலேயே மறுபடி வாசித்தார். நல்ல மரமும் நல்ல வேலைப்பாடும் எவ்வளவு தாங்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த பெரிய சாட்சி அது.

நம் பட்ஜெட்டுக்கு ஈஸ்ட்மன், கென்டக்கி இரண்டும் முழு மரத்தில் நியாயமான விலைக்குக் கிடைக்கும் பெயர்கள். அதற்கு மேலே போக முடிந்தால் டெக்சஸில் செய்யும் காலிங்ஸ். பெயரை மட்டும் நம்ப வேண்டாம், ஒரே மாதிரியில் இரண்டு கருவிகள்கூட ஒரே மாதிரி பேசாது.

சரி, கருவி கையில் வந்தாயிற்று, என்ன பார்ப்பது? கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தலைப்பக்கத்திலிருந்து துப்பாக்கி குறிபார்ப்பது போலப் பாருங்கள், முறுக்கு இருக்கக் கூடாது. பன்னிரண்டாவது மெட்டில் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் மெட்டு) கம்பிக்கும் மெட்டுக்கும் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டுக்குள் இருந்தால் விரலுக்குச் சுகம். அளவுகோல் வேண்டாம், வங்கி அட்டை ஒன்றின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர், இரண்டு அட்டைகள் சேர்ந்து கம்பியைத் தூக்காமல் நுழைந்தால் சரியான உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். பிறகு அதே பன்னிரண்டாவது மெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு மீட்டுங்கள், அடுத்து அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே ஸ்வரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பயப்பட வேண்டாம், பிரிட்ஜ் நகர்ந்திருக்கும்.

இந்த பிரிட்ஜைப் பற்றி இரண்டு வார்த்தை. வீணைக்காரர்கள் குதிரை என்பார்களே, அதுதான். மாண்டலினில் அது ஒட்டப்படுவதில்லை, கம்பிகளின் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. எட்டுக் கம்பிகளும் சேர்ந்து சுமார் 80 கிலோ இழுப்பு இழுக்கின்றன, ஆள் ஒருவர் தொங்குவதற்குச் சமம். அதனால்தான் கம்பி மாற்றும்போது எட்டையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது, ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். குதிரையின் பாதம் வளைந்த மேல்பலகையோடு முழுக்கப் படிந்திருக்கிறதா என்று ஒரு தாளைச் செருகிப் பாருங்கள், எங்கேயும் நுழையக் கூடாது. நுழைந்தால் ஒலியில் பாதி அங்கேயே கசிந்து போகிறது. விலை குறைந்த கருவிகளில் நான் அதிகம் பார்த்த குறை இதுதான், நல்ல கைவேலைக்காரர் ஒரு மணி நேரத்தில் தேய்த்துச் சரிசெய்துவிடுவார், கருவியே புதிதாகப் பிறந்தது போல இருக்கும். பக்கத்திலிருந்து பார்க்கும்போது குதிரை நேராக நிற்க வேண்டும். சுருதி கூட்டக் கூட்ட அதன் தலை முன்னால் சாயும், அவ்வப்போது நிமிர்த்தி விடுங்கள்.

இப்போது கேளுங்கள். வேகமாக எதையும் வாசிக்காதீர்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒவ்வொரு மெட்டாக ஒரே பலத்தில் மீட்டிக்கொண்டே போங்கள். சில இடங்களில் ஒலி செத்துப்போகும், சில இடங்களில் இரையும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஜி கம்பியை மட்டும் மெதுவாக. ஈ கம்பியைக் கூர்மையாக ஒலிக்க வைப்பது எந்தக் கருவிக்கும் எளிது, கீழ்க்கம்பியில் இருட்டான, உருண்டையான ஒரு ஒலி வருகிறதா என்பதில்தான் நல்ல மாண்டலின் தன்னைக் காட்டும். மெதுவாகத் தொட்டால் மெதுவாகவும் அடித்தால் முழங்கியும் பதில் சொல்கிறதா பாருங்கள், எப்படி அடித்தாலும் ஒரே குரலில் பேசும் கருவி சில மாதங்களில் சலித்துவிடும். கடைசியாக, வேறு ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் அறையின் மறுகோடிக்குப் போய் நில்லுங்கள். மடியில் வைத்துக் கேட்கும் ஒலி வேறு, எதிரே இருப்பவர் காதில் விழும் ஒலி வேறு.

பழைய வீடுகளின் சாமான் விற்பனையில் குடமுதுகு மாண்டலின் கண்ணில் பட்டால் ஆசை வரும். பிரான்சின் மிரெக்கூர் பட்டறைகளிலிருந்து வந்த நல்ல கருவிகளும் இப்படி அகப்படும். வாங்கலாம், ஆனால் இன்றைய தடித்த கம்பிகளை அதில் மாட்டிவிடாதீர்கள், மேல்பலகை உள்ளே இறங்கிவிடும். மிக மெல்லிய கம்பிதான் போட வேண்டும். இன்னொன்று, அந்தக் காலத்தில் பிக்கையும் ஒலித்துளைக்குக் கீழே பதிக்கும் தகட்டையும் அழுங்காமை ஓட்டில் செய்தார்கள். அழுங்காமை இன்று சர்வதேச வணிகம் தடைசெய்யப்பட்ட உயிரினம். அப்படிப்பட்ட கருவியை விமானத்தில் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டக் கிளம்பாதீர்கள். பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் இதே கண்டிப்பு 1992 முதல் உண்டு. மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு வந்துவிட்டதால் அவற்றுக்கு அனுமதிச் சீட்டு தேவைப்படுவதில்லை.

இனி நம் ஊர் காற்று. நல்ல மாண்டலின்களை 45 முதல் 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறைகளில் ஒட்டுகிறார்கள். அது நேராக கூர்பிப்புக்கு வந்து இறங்குகிறது, அங்கே மழை ஓய்ந்தால்தான் செய்தி. கோடையில் 80 சதவீதத்தைத் தாண்டுவது நமக்குச் சாதாரணம். மரம் தண்ணீர் குடித்து உப்பும், மேல்பலகை எழும்பும், குதிரையும் கம்பியும் சேர்ந்து உயரும், வாசிப்பவர் விரல் வலிக்கிறது என்பார், ஒலி போர்வைக்குள் இருந்து வருவது போல மங்கும். அடுத்த வாரம் அதே கருவியைக் குளிர்சாதன அறையில் இரவு முழுக்க வைத்தால் தலைகீழாக நடக்கும். ஒரே நிலையில் இருக்கும் ஈரத்தை மரம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், ஏறி ஏறி இறங்குவதைத்தான் அதனால் தாங்க முடியாது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதோடு உப்புக் காற்று. மாஹேபூரில் என் நண்பர் வீட்டில் புதுக் கம்பி இரண்டு வாரத்தில் கருத்துவிடும், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு ஜோடியையும் துடைத்த பிறகு இரண்டு மாதம் வருகிறது.

இதற்கெல்லாம் வழி பெட்டிதான். அறை முழுவதையும் கட்டுப்படுத்த நம்மில் எத்தனை பேரால் முடியும்? ஒரு பெட்டிக்குள் இருக்கும் காற்றைக் கட்டுப்படுத்த எல்லோராலும் முடியும். காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் சின்ன ஈரமானி ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள். அது உண்மை சொல்கிறதா என்று பார்க்க, ஒரு மூடியில் உப்பைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒரு நாள் மூடி வையுங்கள், 75 காட்ட வேண்டும். 78 காட்டினால் எப்போதும் மூன்றைக் கழித்துப் படித்துக்கொள்ளுங்கள். ஈரத்தை வாங்கவும் கொடுக்கவும் செய்யும் போவேடா பொட்டலங்களில் 49 சதவீதம் என்று போட்டிருப்பதுதான் மரக் கருவிக்கானது. நம் கோடையில் அது சீக்கிரம் உப்பிப் போகும், ஆகவே சிலிக்கா ஜெல் பையையும் சேர்த்துப் போட்டு, வாரம் ஒருமுறை ஈரமானியைப் பார்த்து, தேவைப்பட்டால் சிலிக்காவை அடுப்பில் மிதமாகச் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடுகிறேன். 45க்கும் 55க்கும் நடுவில் நின்றால் போதும்.

பெட்டி மூன்று தரத்தில் கிடைக்கிறது. துணிப்பை தோளில் மாட்டிப் பஸ்ஸில் போக வசதி, வேறு எதற்கும் உதவாது. லேசான ஃபோம் பெட்டி சின்ன அடியைத் தாங்கும், ஆனால் துணி மூடி, ஜிப், காற்று தாராளமாக உள்ளே போகும். மூன்றாவது ஹார்டு கேஸ், ஒட்டுப்பலகையிலோ வார்ப்பிலோ செய்தது. இதில் இங்கிலாந்தின் ஹிஸ்காக்ஸ் எடை குறைவு, உறுதி அதிகம். கால்டன் ஃபைபர்கிளாஸ் பெட்டிகளைக் கருவியின் அளவைக் கேட்டு அதற்கேற்பச் செய்து தருகிறார்கள், விலையும் எடையும் அதற்கேற்றபடி.

எந்தப் பெட்டியானாலும் கருவியை வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். எடையைக் கழுத்துக்கு அடியில் உள்ள தாங்கியும் உடலின் ஓரங்களும் தாங்க வேண்டும், தலை எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். பெட்டி மல்லாக்க விழுந்தால் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் தலைதான் முதலில் முறியும். ஒரு சின்னத் தாளைத் தளர்வாகச் சுருட்டிக் குதிரையின் மேல் வைத்து மூடித் திறந்து பாருங்கள், தாள் நசுங்கியிருந்தால் மூடி குதிரையை அழுத்துகிறது, அந்தப் பெட்டி வேண்டாம். பூட்டிவிட்டுக் காதருகே வைத்து மெல்லச் சாய்த்தால் உள்ளே எதுவும் நகரும் சத்தம் கேட்கக் கூடாது. எஃப் வடிவப் பெட்டிக்குள் ஏ வடிவம் பல சமயம் உட்கார்ந்துவிடும், மாற்றி முயலாதீர்கள், குடமுதுகுக்கு அதற்கென்றே ஆழமான பெட்டி வேண்டும். உள்ளே மட்டமான ரப்பர் வாடை அடித்தால் விட்டுவிடுங்கள், நைட்ரோ என்ற மெருகுப் பூச்சு உள்ள கருவிகளில் சில வகை ரப்பரும் ஃபோமும் பட்ட இடம் பிசுபிசுத்துப் போகும். நிறத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் வெளிர் நிறம். கருப்புப் பெட்டி நம் வெயிலில் அடுப்பாகிவிடும். எந்த நிறமானாலும் காரில் விட்டுவிட்டு பிளிக்-அன்-பிளாக் கடற்கரையில் குளிக்கப் போகாதீர்கள். பழைய முறைப்படி மிருகப் பசையில் ஒட்டிய கருவியில் 60 டிகிரிக்கு மேல் பசை இளகத் தொடங்கும், மூடிய கார் அந்தச் சூட்டை எட்டிவிடும்.

2024 ஜனவரி 15ஆம் தேதி பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். அன்று அங்கே தாழ்வான பகுதியில் இருக்கும் என் மாணவன் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. அவனிடம் இரண்டு மாண்டலின்கள். துணிப்பையில் கட்டிலுக்கு அடியில் இருந்தது அடிப்பலகை பிரிந்து, ஒட்டவும் முடியாதபடி கோணிவிட்டது. மற்றொன்று ஹார்டு கேஸில் அலமாரி மேல் இருந்தது, ஓடு வழியாக அதன் மேல் தண்ணீர் சொட்டியிருக்கிறது, திறந்து பார்த்தபோது சுருதிகூடப் பெரிதாக இறங்கவில்லை. பிரிந்து போனது அவன் தாத்தா வாசித்த கருவி. அதற்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுங்கள் என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, இன்றும் மனதில் உறுத்துகிறது. அதற்குப் பிறகுதான் மாண்டலின் வாங்க வருபவர்களிடம் மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பெட்டிக்கும் ஈரமானிக்கும் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்துக்குக் கருவி பாருங்கள் என்று சொல்லத் தொடங்கினேன். அந்த அக்காவிடமும் அதையே சொன்னேன்.

விமானத்தில் போகிறவர்கள், டிசம்பர் சீசனுக்கு சென்னை கிளம்பும் பிள்ளைகள் குறிப்பாக, கருவியைக் கைப்பையாக எடுத்துப் போக அனுமதி உண்டா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சரக்கில் போட்டே ஆக வேண்டும் என்றால் கம்பிகளை இரண்டு மூன்று ஸ்வரம் இறக்குங்கள், முழுக்கத் தளர்த்தினால் குதிரை விழுந்து மேல்பலகையைக் கீறும். தலையைச் சுற்றியும் கழுத்தின் இருபுறமும் மெல்லிய பருத்தித் துணியைச் செருகுங்கள், அழுத்தித் திணிக்க வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் உடனே திறக்காமல் பெட்டியை ஒரு சில மணி நேரம் அறையில் அப்படியே விட்டு வையுங்கள், உள்ளே இருக்கும் மரம் வெளிக் காற்றுக்கு மெதுவாகப் பழகட்டும்.

புயல் காலத்துக்கு என் வீட்டில் ஒரு வழக்கம். மூன்றாம் எண் எச்சரிக்கை வந்ததும் கருவியைத் துடைத்து, பழைய சிலிக்காவை எடுத்துவிட்டு உலர்ந்ததைப் போட்டு, கேஸைப் பூட்டி, தடித்த பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஜன்னல் இல்லாத சுவரோரம் இருக்கும் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவேன். எச்சரிக்கை நீங்கிய அன்றே பிளாஸ்டிக்கைப் பிரித்துவிட வேண்டும், மறந்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.